‘செட் அசைட்’: ஒதுக்கிவைப்பதும் ஒதுக்கித்தள்ளுவதும்



அறக்கொடை பற்றிய ஆவணங்கள் நம் நாட்டில் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாய் மொழியிலோதான் எழுதப்படுகின்றன. உயிலானாலும் அறக்கட்டளைப் பத்திரமானாலும் இதுவே நிலை. கையெழுத்திடுகிறவர்களில் பலர் தமிழில் சிந்திப்பவர்கள். ஆகவே இவ்வாண்டு மலரில், அத்தகைய ஆவணங்களில் அடிக்கடி தலைகாட்டும் ஓர் ஆங்கிலத் தொடரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பொருளையும் பயன்பாட்டையும் விளக்க முற்படுகிறேன். அத்தொடர் ‘செட் அசைட்’ என்பதாகும்.

‘செட்’ என்றால் வைத்தல். ‘அசைட்’ என்றால் ஒரு புறமாக. இரண்டும் சேர்ந்தால் ‘ஒரு புறமாக எடுத்துவைத்தல்’. எதை வைக்கிறோம், எதற்காக வைக்கிறோம் என்பதைப் பொறுத்து இத்தொடர் மூன்று வெவ்வேறு பொருள்களைத் தரும்.

முதற்பொருள், ஒரு நோக்கத்திற்காக ஒதுக்கிவைத்தல். பணம், நிலம், நேரம் ஆகியவற்றைக் குறித்து இப்படிச் சொல்வார்கள். நம் தாய்மார்கள் வேண்டுதலுக்காக மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிறார்களே, அதுவே இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. வீட்டில் எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அந்த முடிச்சை அவிழ்க்கமாட்டார்கள். அது சாமி காசு. ‘ஷீ செட் அசைட் த மனி ஃபார் த டெம்பிள்’ என்றால் கோயிலுக்கென்று அப்பணத்தை ஒதுக்கிவைத்தாள் என்று பொருள்.

இதே பொருளை நிலத்தில் காண விரும்புவோர் நம் ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு வரலாம். பிட் ஸ்திரீட் என்ற பழைய பெயரால் மூத்தோர் அறிந்த சாலை இது. சீனர்களின் குவான் யின் ஆலயமும், காதர் மொய்தீன் என்ற கப்பித்தான் கெலிங் நிறுவிய பள்ளிவாசலும் இங்குதான் உள்ளன. நம் மகாமாரியம்மன் ஆலயத்தின் முகப்பு குவீன் ஸ்திரீட்டில் இருந்தாலும், அதன் பின்புறம் இச்சாலையை நோக்கியே அமைந்துள்ளது. 1801-ஆம் ஆண்டில் பள்ளிவாசலுக்கென நிலம் வழங்கப்பட்டது. அதே ஆண்டில் குவீன் ஸ்திரீட்டில் கோயிலுக்கெனவும் நிலம் வழங்கப்பட்டது. அங்கே 1833-இல் ஆலயம் எழுந்தது. துறைமுக நகரில் வணிகர்கள் ஒவ்வோர் அடி மண்ணுக்கும் போட்டியிட்ட இடத்தில், இன்றளவும் அங்கே வழிபாடு நடந்து வருகிறது. ஒதுக்கிவைத்தல் என்பதன் முழுப்பொருள் இதுவே.

இரண்டாவது பொருள், ஒன்றைப் பொருட்படுத்தாமல் விலக்கிவைத்தல். ‘தே செட் அசைட் தெயர் டிஃபரன்ஸஸ்’ என்றால், தங்கள் வேற்றுமைகளை ஒருபுறம் வைத்துவிட்டு ஒன்றுபட்டார்கள் என்பது கருத்து. திருவிழாக் காலத்தில் பங்காளிகள் பகையை மறந்து ஒரே தேர் வடத்தைப் பிடிப்பதை இப்படிச் சொல்லலாம்.

மூன்றாவது பொருள் நீதிமன்றத்திற்குரியது. ‘த கோர்ட் செட் அசைட் த ஆர்டர்’ என்றால், நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது என்று பொருள். முன்னர் பாதுகாப்பைக் குறித்த அதே சொல் இங்கே அழிவைக் குறிக்கிறது! மலாய் மொழியில் இந்தக் குழப்பம் இல்லை. நிதி ஒதுக்குவதற்கு ‘பெருந்துக்கான்’ என்பர். உத்தரவை ரத்து செய்வதற்கு, ஓரம் எனப் பொருள்படும் ‘தெப்பி’யிலிருந்து பிறந்த சொல்லை ஆள்வர். தமிழோ ஆங்கிலத்தைப் போன்றது. ‘கோயிலுக்கு நிலம் ஒதுக்கினார்கள்’ என்கிறோம். ‘ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தார்கள்’ என்றும் சொல்கிறோம்.

பொருளை அறிய எளிய வழி ஒன்றுண்டு. தொடரின் செயப்படுபொருளைப் பாருங்கள். பணம், நிலம், நேரம் என்றால் ஒதுக்கீடு. பகை, கருத்து, விருப்புவெறுப்பு என்றால் விலக்கிவைத்தல். தீர்ப்பு, உத்தரவு, பத்திரம் என்றால் ரத்து. தானப் பத்திரத்தில் ‘செட் அசைட்’ வந்தால் ஒதுக்கீடு. தானப் பத்திரத்தையே ‘செட் அசைட்’ செய்தால் ரத்து. மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய பத்திரத்தை நீதிமன்றம் இவ்வாறு ரத்து செய்ய இடமுண்டு.

இலக்கணத்தில் இரண்டு குறிப்புகள் போதும். ‘செட்’ என்பது இறந்த காலத்திலும் ‘செட்’ தான். ‘செட் அசைட் த மனி’, ‘செட் த மனி அசைட்’ இரண்டும் சரி. ஆனால் ‘இட்’ என்ற சுட்டுப்பெயர் வந்தால் ‘செட் இட் அசைட்’ என்று நடுவில்தான் நிற்கவேண்டும்.

இத்தொடரின் உயிர் அதன் பின்னால் வரும் ‘ஃபார்’ என்ற சிறுசொல்லில் இருக்கிறது. ‘எதற்காக?’ என்ற கேள்விக்கு விடை தருவது அதுவே. அவ்விடை சட்டம் ஏற்கும்படி அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பினாங்கு வழக்கொன்றே சான்று. இயாப் சியா நியோ எதிர் ஓங் செங் நியோ என்ற அவ்வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் 1875-இல் தீர்ப்பளித்தது. ஒரு சீன மாது தம் உயிலில், தோட்ட நிலத்தைக் குடும்ப இடுகாடாக ஒதுக்கி, அதை விற்கவோ அடகு வைக்கவோ கூடாதென்றார். தமக்கும் மறைந்த கணவருக்கும் சடங்குகள் நடத்த ஒரு வீட்டையும் ஒதுக்கினார். இரண்டு ஏற்பாடுகளும் செல்லா எனத் தீர்ப்பாயிற்று. காலவரையறையின்றிச் சொத்தைக் கட்டிவைக்க ஆங்கிலச் சட்டம் தர்ம காரியத்திற்கே இடம் தரும். குடும்பத்திற்கு மட்டும் பயன்படுவது அச்சட்டத்தின்படி தர்மம் ஆகாது.

நம் முன்னோர்களின் வழக்கத்தை இங்கே நினைவுகூர்வது தகும். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகளை விட்டார்கள். அந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றும், கொடை சந்திர சூரியர் உள்ளவரை நிலைக்கவேண்டும் என்றும் கல்லில் பொறித்தார்கள். எத்தனை ஆடு, எந்த விளக்கு, யார் பொறுப்பு என்பவற்றை ஐயத்திற்கு இடமின்றி எழுதினார்கள். மனத்துக்குள் ஒதுக்கிவைத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை.

இந்தத் தெளிவு இன்றும் தேவை. இந்நாட்டில் முஸ்லிம், இந்து அறக்கொடைகளைப் பேணுவதற்கென நீரிணைக் குடியேற்ற அரசு 1905-இல் சட்டமே இயற்றியது. ஆயினும், கொடுத்தவர் எழுதிவைக்காததைப் பிற்காலத்தார் ஊகித்துத்தான் அறியவேண்டும். ‘அப்பா கோயிலுக்கென்று சொல்லிக்கொண்டிருந்தார்’ என்ற பேச்சு, அப்பாவுக்குப் பிறகு பிள்ளைகளிடையே வழக்காக முடிவதுண்டு.

ஆதலால், கொடையளிக்க எண்ணும் அன்பர்கள் தக்க வழக்கறிஞரைக் கலந்து, மூன்று செய்திகளை ஆவணத்தில் தெளிவாக எழுதச் செய்யவேண்டுகிறேன். எந்தச் சொத்து? பொதுமக்களுக்குப் பயன்படும் எந்தத் திருப்பணிக்கு, அல்லது எந்த மாணவர் உதவிக்கு? பொறுப்பேற்பவர் யார்? இம்மூன்றும் தெளிவாக இருக்குமானால், தாங்கள் முதற்பொருளில் ‘செட் அசைட்’ செய்தது மூன்றாம் பொருளில் ‘செட் அசைட்’ ஆகும் அபாயம் பெரிதும் குறையும்.

எல்லாம் வல்ல அம்பாள் திருவருளால் நம் அறங்கள் தழைத்தோங்குக.