மறுப்புச் சொற்களும் அவை உணர்த்தும் பொருளும்

– ஓய்வு பெற்ற ஆசிரியை, வல்லக்கோட்டை

பிறர் கூற்றுக்கு உடன்படாதபோது நாம் ஆளும் சொற்கள் பல. அவை யாவும் ஒரு பொருளன என்று கருதுதல் தவறு. ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறொன்றை மறுக்கிறது. எது மறுக்கப்படுகிறது என்று உணராமையாலேயே கருத்து வேறுபாடு பிணக்காக முற்றுகிறது. ஆதலின் இச்சொற்களின் வேறுபாட்டை இப்பாடத்தில் காண்போம்.

அறுவகை மறுப்பு

1. இல்லை – ஒரு பொருள் இருப்பதை மறுப்பது. “குடத்தில் நீர் இல்லை.”

2. அன்று, அல்ல – தன்மையை மறுப்பது. “இது நீர் அன்று” என்னும்போது பொருள் உண்டு. அது நீராக இருத்தலே மறுக்கப்படுகிறது. அன்று என்பது ஒருமைக்கும், அல்ல என்பது பன்மைக்கும் உரியன. “அவர் ஆசிரியர் இல்லை” என்று இக்காலத்தில் பேசுகிறோம். “அவர் ஆசிரியர் அல்லர்” என்பதே திருந்திய வழக்கு.

3. வேண்டாம் – தேவையை மறுப்பது.

4. மாட்டேன் – செய்யும் விருப்பத்தை மறுப்பது. பழந்தமிழில் மாட்டுதல் என்பது இயலுதலைக் குறித்தது; மாட்டாதார் என்றால் இயலாதவர். இன்று அச்சொல் மனத்தின் மறுப்பைக் காட்டுகிறது.

5. முடியாது – ஆற்றலை மறுப்பது. மாட்டேன் என்னும் சொல் சென்ற வழியில் இதுவும் செல்வதால், இயலாமையையும் விருப்பமின்மையையும் மக்கள் இந்த ஒரு சொல்லாலேயே கூறிவிடுகின்றனர்.

6. கூடாது – முறைமையை மறுப்பது, தடுப்பது.

மாறுபாடு முதல் பிணக்கு வரை

மாறுபாடு கருத்தளவில் நிற்பது. தடை வினாவாக எழுந்து, தக்க விடை கிடைத்ததும் அடங்குவது. பழைய உரையாசிரியர்கள் தடையும் விடையுமாகப் பொருளை விளக்கிச் சென்றனர். மறுப்பு காரணம் காட்டிக் களைவது. கண்டனம் குற்றஞ்சாட்டுவது. பிணக்கோ கருத்தை விட்டுவிட்டு ஆளைப் பற்றிக்கொள்வது.

நம் ஆசிரியர் காட்டும் நெறி

13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்க நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நம் சமயச் சான்றோர். அவர் விடையை எட்டாக வகுத்தார். “மாவு அரைப்பாயா?” என்ற வினாவுக்கு “அரையேன்” என்பது வெளிப்படையான எதிர்மறை. “நீயே அரை”, “கை வலிக்கிறது”, “கை வலிக்கும்”, “காய் நறுக்குகிறேன்” ஆகியவற்றில் மறுப்புச் சொல் எதுவும் இல்லை. ஆயினும் மறுப்பு விளங்குகிறது. இவற்றையும் விடைகளாகவே அவர் தழுவிக்கொண்டார்.

மேலும், நூலாசிரியர் கொள்ளத்தக்க எழுவகை மதங்களுள் உடன்படுதலை முதலிலும், மறுத்தலை இரண்டாவதாகவும் வைத்தார். மூன்றாவது நம் சிந்தனைக்கு உரியது: பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல். ஏற்காத கருத்தையும் முழுதும் கேட்டறிந்த பின்னரே மறுக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும். ஒரு பொருள் ஒரு நோக்கில் உண்டு எனவும், மற்றொரு நோக்கில் இல்லை எனவும் உரைக்க இடந்தரும் நம் அநேகாந்தக் கொள்கைக்கு இஃது இயைந்ததே.

நீலகேசிக் காப்பியமும் இதற்குச் சான்று. முதற் சருக்கம் அறவுரை. ஏனைய ஒன்பதும் வாதங்கள். பௌத்த நூலாகிய குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்தது இந்நூல். குண்டலகேசி இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் பாடல்கள் பலவற்றின் தொடக்கச் சொற்களையேனும் இன்று நாம் அறிவது நீலகேசிக்கு வாமன முனிவர் வரைந்த சமய திவாகர உரையினால்தான். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் இந்நூலை உரையுடன் பதிப்பித்தார். மறுக்க வந்தவரே மறுக்கப்பட்டவர் சொல்லைக் காத்து வைத்தமை எண்ணி மகிழத்தக்கது.

இல்லத்தில் இப்பாடம்

ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் நம் பிள்ளைகள் ஷிப்டு முறையில் பணியாற்றும் காலம் இது. கதிரவன் மறைந்தபின் உண்ணாமை பல இல்லங்களில் கருத்து வேறுபாட்டுக்கு உரியதாகிறது. பிள்ளை “முடியாது” என்றால் மறுக்கப்படுவது ஆற்றல். மாலைக்கு முன் உண்ணுமாறு உணவு கட்டிக் கொடுத்தால் தீரக்கூடும். “வேண்டாம்” என்றால் மறுக்கப்படுவது தேவை. இரவில் உண்பதால் சிற்றுயிர்களுக்கு நேரும் தீங்கை விளக்க வேண்டும். “மாட்டேன்” என்றால் மறுப்பது மனம், பொறுமையோடு உரையாடவேண்டும். “இஃது அறம் அன்று” என்றால் தத்துவ விசாரணை தொடங்கிவிட்டது; மகிழ்ந்து விடை கூறவேண்டும். இந்நான்கையும் கீழ்ப்படியாமை என்னும் ஒன்றாகவே கேட்டு, “கூடாது” என்னும் ஒரே சொல்லால் விடையிறுப்பின் வாய் அடங்கும், உள்ளம் உடன்படாது. பின்னர் நோன்பும் மறைவில் கைவிடப்படும்.

இளையோரும் தம் உள்ளத்தில் உள்ள மறுப்பு எதுவோ அதற்குரிய சொல்லையே கூறவேண்டும். இயன்றும் மனமில்லாதபோது “முடியாது” என்பது வாய்மைக்கு மாறானது. சினந்து கூறும் கடுஞ்சொல்லோ பிறர் உள்ளத்தைப் புண்படுத்தும். வாய்மை, கொல்லாமை ஆகிய இரு விரதங்களும் நாவில் ஒருங்கே காக்கப்பட வேண்டியவை.

பயிற்சி

1. “அவன் நல்லவன் இல்லை” – திருத்தி எழுதுக.

2. “பள்ளிக்குச் செல்வாயா?” – மறுப்புச் சொல் இன்றி மறுத்து மூன்று விடைகள் எழுதுக.

3. இல்லத்தில் நீங்கள் உடன்படாத கருத்து ஒன்றை எடுத்துக்கொள்க. அதனை உடையவர் “ஆம், நான் கூறியது இதுவே” என்று ஒப்பும்படி முதலில் எழுதி, அதன் பின்னர் உங்கள் மறுப்பை எழுதுக.

அறம் வளர்க!