எந்தச் சட்டம் சார்?

கல்யாணப் பந்தியில் ரசம் வந்துகொண்டிருந்த நேரம். பக்கத்து இலைக்காரரின் மகன் மிசௌரியில் எம்.எஸ். சேரப் போகிறானாம். "அங்கல்லாம் வெறுப்புப் பேச்சுக்குத் தனிச் சட்டமே இருக்கு சார். ஒரு வார்த்தை தப்பாப் பேசினா அன்னிக்கே யுனிவர்சிட்டிய விட்டுத் தூக்கிடுவாங்க" என்றார். எந்தச் சட்டம் என்று கேட்டேன். "இருக்கு சார்" என்றார்.

அரசியல் சட்டம் நடத்தியே தலை நரைத்தவன் நான். இந்த "இருக்கு சார்" எனக்குச் சலித்துவிட்டது. வாட்ஸ்அப் பெற்றோர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். என்னிடமே படித்துவிட்டுக் கறுப்புக் கோட்டு போட்டவர்களும் சொல்கிறார்கள்.

இல்லை ஐயா, அப்படி ஒரு சட்டம் இல்லை. அமெரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகம் என்பது அரசாங்கத்தின் ஓர் அங்கம். பேச்சுரிமையில் கைவைக்காதே என்று அரசாங்கத்தைக் கட்டிப்போடுகிறது அந்த நாட்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம். 'வெறுப்புப் பேச்சு' என்ற பெயரில் அதற்கு விதிவிலக்கு எதுவும் கிடையாது.

அவர் மகன் போகிற அதே மிசௌரியில்தான் பாப்பிஷ் வழக்கு பிறந்தது. 1969. மிசௌரி பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுகலை படித்த பாப்பிஷ் என்ற பெண், வளாகத்தில் ஒரு பத்திரிகையை விநியோகித்தார். அட்டையில் ஒரு கார்ட்டூன்: சுதந்திர தேவி சிலையையும் நீதி தேவதையையும் போலீஸ்காரர்கள் பலாத்காரம் செய்கிறார்கள். உள்ளே ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே தாயை இழுக்கும் கெட்ட வார்த்தை. நிர்வாகம் அவரை நீக்கியது. பருவம் முடியும்வரை இருக்கவிட்டார்கள், ஆனால் அவர் தேறிய ஒரே ஒரு பாடத்துக்கும் கிரெடிட் தரவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பத்திரிகை நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அதே வளாகத்தில் விற்கப்பட்டு வந்தது; அனுமதி தந்ததே பல்கலைக்கழகத்தின் வணிக அலுவலகம்தான்.

1973-இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நீக்கத்தை ரத்து செய்தது. கருத்து எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும், 'நாகரிகம்' என்ற ஒற்றைக் காரணத்தைச் சொல்லி அரசுப் பல்கலைக்கழகத்தில் அதன் வாயை மூட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். தலைமை நீதிபதி பர்கர் கோபமாக மாறுபட்டார். மாறுபடட்டும், சட்டம் பெரும்பான்மைத் தீர்ப்புதான். படிக்க அரை மணி நேரம் கூட ஆகாது. என் வக்கீல் சீடர்களுக்கு அந்த அரை மணி நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

நம் ஆட்கள் ஏன் நம்ப மறுக்கிறார்கள் என்பது புரிகிறது. நம் அரசியல் சட்டத்தின் 19(2) பேச்சுரிமைக்கு வரம்பு போடும்போது 'நாகரிகம் அல்லது ஒழுக்கநெறி' என்று எழுதியே வைத்திருக்கிறது. அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விமானம் ஏறுகிறோம். அவர்களுடைய முதல் திருத்தத்தில் அந்தச் சொற்கள் இல்லை.

சாதாரணக் கெட்ட வார்த்தை சரி, இனவெறி என்றால்? அதுவும்தான். 1991-இல் வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் ஒரு மாணவர் குழு 'அவலட்சணப் பெண்' போட்டி நடத்தியது. பெண் வேஷம் போட்ட ஆண்களில் ஒருவன் உடம்பில் கறுப்புச் சாயம் பூசி, உடைக்குள் தலையணையைத் திணித்துக்கொண்டு கறுப்பினப் பெண்ணைக் கேலி செய்தான். பார்த்தவர் வயிறு எரிந்திருக்கும். எனக்குப் படிக்கும்போதே எரிந்தது. பல்கலைக்கழகம் அந்தக் குழுவைத் தண்டித்தது. செல்லாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம், 1993-இல். தண்டிக்காமல் கண்டிக்கலாம், எதிர்த்துப் பேசலாம், அதற்குத் தடையில்லை.

"2015-இல் ஓக்லஹோமாவில் நீக்கினார்களே?" என்பார்கள். பஸ்ஸில் இனவெறிப் பாட்டு பாடிய இரண்டு மாணவர்களை நீக்குவதாக அப்போதைய பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் போரன் அறிவித்தது உண்மை. அது சட்டப்படி நிற்காது என்று பேராசிரியர்கள் பலர் அப்போதே எழுதியதும் உண்மை. நிர்வாகி செய்ததெல்லாம் சட்டமாகிவிட்டால் நீதிமன்றம் எதற்கு?

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு மூச்சை வீணாக்கப் போவதில்லை. 'அங்கே என்ன வேண்டுமானாலும் பேசலாம்': முடியாது. ஓர் ஆளைக் குறிவைத்த உண்மையான மிரட்டல், ஒருவரின் படிப்பையே கெடுக்கும் அளவுக்கு விடாத தொல்லை, வகுப்பை நடக்கவிடாமல் கத்துவது, இவற்றுக்கெல்லாம் பாதுகாப்பில்லை. 'தியேட்டரில் தீ என்று கத்தக் கூடாது, அதுதான் சட்டம்': அது 1919-இல் நீதிபதி ஹோம்ஸ் போகிறபோக்கில் சொன்ன உவமை. வழக்கு தீயைப் பற்றியதல்ல, கட்டாய ராணுவச் சேவைக்கு எதிரான துண்டறிக்கை பற்றியது. அந்தத் தீர்ப்பின் அளவுகோலை 1969-இலேயே ஓரங்கட்டிவிட்டார்கள். 'எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் இதே விதி': தனியார் என்றால் அவர்கள் கொடுத்த கையேடுதான் பேசும். கலிஃபோர்னியா மட்டும் 1992-இல் சட்டம் போட்டுத் தனியாரையும் பெரும்பாலும் இதற்குள் இழுத்தது.

விசா மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பல்கலைக்கழகம் வேறு, குடியேற்றத் துறை வேறு. 2025-இல் பாலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுத்த வெளிநாட்டு மாணவர்கள் சிலரின் விசாவை அமெரிக்க அரசு ரத்து செய்தது. பாப்பிஷ் தீர்ப்பு உங்களை வகுப்பில் உட்காரவைக்கும். விசா முத்திரைக்கு அது ஜாமீன் போடாது. பையனை அனுப்பும் அப்பாக்கள் பயப்பட வேண்டிய இடம் இதுதான், ஆனால் பந்தியில் யாரும் இதைக் கேட்பதில்லை.

எனக்கு இன்னொரு ஆதங்கம் உண்டு, திட்டினாலும் சொல்லிவிடுகிறேன். மிசௌரியில் சண்டை போட ஒரு பத்திரிகையாவது இருந்தது. நம் கல்லூரி ஆண்டு மலரைப் புரட்டுங்கள்: தாளாளர் படம், முதல்வர் படம், குத்துவிளக்கு, கடைசியில் பூக்களைப் பற்றி ஒரு கவிதை. ஒவ்வொரு விடுதியிலும் மாணவர்களே எழுதி ஒட்டும் ஒரு கையெழுத்துப் பத்திரிகை வேண்டும் என்று இருபது வருஷமாகச் சொல்லி வருகிறேன். நாங்கள் படித்தபோது மெஸ் வாசலில் ஒட்டுவோம். சாம்பாரைப் பற்றி ஒருவன் எழுதிய வெண்பாவுக்காக வார்டன் முதல் இதழைக் கிழித்துப்போட்டார். இரண்டாம் இதழில் சாம்பாருக்கு முழுசாக நான்கு பக்கம் ஒதுக்கினோம்.