கடனும் ஒரு விலங்கு



அடிமை வியாபாரம் என்றதும் கிழக்கு ஆப்பிரிக்காதான் நம் நினைவுக்கு வருகிறது. ஜான்ஸிபார் தீவின் அடிமைச் சந்தை 1873ஆம் ஆண்டில்தான் மூடப்பட்டது. ஆனால் நாம் கடை வைத்துப் பிழைக்கும் இந்தச் சிங்கப்பூரிலும் மனிதரை நிறுத்தி விலை பேசிய காலம் ஒன்று இருந்தது.

அதைக் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா. ஏமன் நாட்டிலிருந்து வந்து நாகூரில் மணமுடித்த ஒரு பெரியவரின் வழித்தோன்றல். ஆகவே நமக்கும் சொந்தக்காரர். பூகிஸ் கப்பலில் ஆண்களும் பெண்களும் விற்பனைக்கு வந்த கொடுமையை, 1849இல் வெளிவந்த தம் சரிதையில் மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

ஊரை அப்போது நிர்வகித்த பார்குவார் துரை கண்டும் காணாமல் இருந்தார். ராபிள்ஸ் துரை அப்படி இருக்கவில்லை. சுமத்திராவின் பென்கூலனில் கும்பெனியாரே வைத்திருந்த 200க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளை விடுதலை செய்தவர் அவர். 1823இல் இங்கே சட்டம் போட்டார். 1819 ஜனவரி 29க்குப் பின் இத்தீவுக்கு வந்த எவரும் அடிமையல்லர் என்றார்.

வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது அடுத்த பகுதி. கடனுக்காக ஒருவரை வைத்து வேலை வாங்குவதற்கு ஐந்தாண்டு எல்லை. கப்பல் கூலிக் கடன் 20 வெள்ளிக்கு மேல் கூடாது. அதற்கு இரண்டாண்டு உழைப்பே போதும். அடிமை என்ற பெயரை நீக்கினாலும், தீராத கடன் அதே வேலையைச் செய்யும் அல்லவா? அவ்வாண்டு ஜூனில் துரை கப்பலேறினார். சட்டம் இருந்தது, கடனடிமை வழக்கமோ பல காலம் நீடித்தது.

செங்காங்கில் என் கடையில் வேலை செய்யும் தம்பிக்கு, தங்கை கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். தாயாருக்குச் சுகமில்லை, ஊருக்குப் போக வேண்டும் என்றார். "கடன் தீரட்டும்" என்றேன். ஒன்றும் பேசாமல் வெங்காய மூட்டையைப் பிரிக்கப் போனார். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. மறுநாள் நானே பயணச் சீட்டு எடுத்துக் கொடுத்தேன்.

ஜக்காத் பெறும் எட்டு வகையினரில், அடிமைகளை விடுவிப்பதும் கடன்பட்டோரும் அடுத்தடுத்தே வருவதை மதரஸாவில் ஓதினோம். ஏன் அருகருகே என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

சகோதரர்களே! முன்பணம் கொடுங்கள், அது உபகாரம். கணக்கை எழுதி அவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். தவணையை முன்பே பேசுங்கள். பாஸ்போர்ட் அவர் கையிலேயே இருக்கட்டும். கடன் பணத்துக்குத்தான், மனிதருக்கு அல்ல.