கொடிவழி தேடக் கைக்காசு தடையா?

குடும்ப வரலாறு தேடுவது வசதியுள்ளவர்களின் வேலை என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இணையத்தில் தேடத் தொடங்கியதும் முதலில் கண்ணில் படுபவை சந்தா கேட்கும் வெளிநாட்டுத் தளங்களும், எச்சிலைக் குழாயில் அடைத்து அனுப்பச் சொல்லும் மரபணுச் சோதனைகளும்தான். அவை பிறந்த நாடுகளில் அவற்றுக்குப் பொருள் உண்டு. இங்கிலாந்தில் 1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்கள் நூறாண்டு கழித்து 2022இல் பொதுப் பார்வைக்கு வந்தன. அமெரிக்காவில் 72 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 1950ஆம் ஆண்டின் தாள்கள் அதே 2022இல் திறக்கப்பட்டன. வீடு வீடாகப் பெயர், வயது, உறவு எல்லாம் அவற்றில் இருக்கும். தலைமுறைதோறும் தொடரும் குடும்பப் பெயரும் இருக்கும். இந்தியாவிலோ 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தனியாட்களின் விவரத் தாள்களை எவரும் பார்வையிட இடம் தரவில்லை. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரும் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிவிடுகிறது. ஆகவே ஊரோடு தங்கிய தமிழ்க் குடும்பம் ஒன்று அந்தச் சந்தாவைக் கட்டினாலும் கையில் கிடைப்பது மிகக் கொஞ்சம். நம் முன்னோர்களின் பெயர்கள் நிலத்துக்காகவும் பள்ளிக்காகவும் திதிக்காகவும் மொய்க்காகவும் எழுதப்பட்டவை. அவற்றை எட்ட அதிகப் பணம் தேவையில்லை. எதை முதலில் தேடுவது, எதைப் பிறகு தேடுவது என்ற தெளிவுதான் தேவை.

நிலத்திலிருந்து தொடங்கலாம். பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்க முடியும். பொதுவாக 1975ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து கிடைக்கும். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், பத்திர எண், ஆண்டு ஆகியவை தெரிந்துவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டு மனுப் போடலாம். நம் பெயரில் இல்லாத பத்திரத்தைத் தரமாட்டார்கள் என்று நினைத்துப் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அது தவறு. அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்தை, உரிய கட்டணம் செலுத்தும் எவரும் பார்வையிடலாம், நகல் பெறலாம் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. உயில்களுக்குத்தான் வேறு விதி. கேட்பதில் முதலிடம் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு. கிரயப் பத்திரத்தில் இரு தரப்பாரும் அவர்களின் தகப்பனார் பெயர்களும் இருக்கும், அவ்வளவுதான். பாகப்பிரிவினையில் சொத்து யாருடைய சம்பாத்தியம், அவருக்கு ஆண்மக்கள் எத்தனை பேர், காலமானவர் யார், கைம்பெண்ணின் ஜீவனத்துக்கு ஒதுக்கியது என்ன என்று குடும்பமே வரிசையாக வந்து நிற்கும். மூன்று தலைமுறைகள் ஒரே பத்திரத்தில் கிடைப்பது உண்டு. பெண்கள் அதில் இல்லையே என்றால், உண்மைதான். பழைய பத்திரங்களில் மகள்களைக் காண்பது அரிது. ஆனால் 1989இல் தமிழ்நாட்டின் சட்டத் திருத்தமும் 2005இல் நாடு முழுமைக்குமான திருத்தமும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்த பிறகு, சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவது பெருகியது. உரிமையை விட்டுக்கொடுக்க வைத்த அந்தத் தாள்களில்தான் பல குடும்பங்களின் பெண்கள் தங்கள் பெயரோடும் புகுந்த ஊரோடும் எழுத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேர்ந்த இழப்பை மறைக்காமல் எழுதிக்கொண்டே அந்தத் தாளைப் பயன்படுத்த வேண்டும்.

காணி நிலம்கூட இல்லாதவர்களுக்கு என்ன இருக்கிறது என்பது நியாயமான மறுப்பு. ஆவணம் ஆண்டைகளின் பக்கமே சாய்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் சாதாரணக் குடும்பங்களுக்கு வரலாற்றுத் தடமே இல்லை என்பது உண்மையில்லை. வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமையோடு 1951-52இல் தேர்தல் நடந்த காலம் தொட்டு, வாக்காளர் பட்டியல் சொத்துள்ளவர் இல்லாதவர் என்று பார்ப்பதில்லை. தந்தை அல்லது கணவர் பெயரும் வயதும் சேர்ந்து ஒரே கதவு எண்ணில் ஒரு வீட்டையே அது காட்டும். தமிழ்நாட்டின் 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களைத் தேர்தல் துறை இணையத்திலேயே வெளியிட்டது. ஊராட்சிப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தாத்தாவின் பெயரும் அவருடைய தகப்பன் பெயரும் தொழிலும் இருக்கலாம். 1892க்குப் பின் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் சுவடு வருவாய்த்துறைப் பதிவேடுகளில் உண்டு. கிறித்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் இருக்கின்றன. பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ முறையாகக் கேட்டால் பார்க்க வாய்ப்புண்டு. இவை எல்லாவற்றையும்விட நான் மதிப்பது மொய் நோட்டை. ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதிய அந்த நோட்டு, ஒரு குறிப்பிட்ட நாளில் யாரெல்லாம் சொந்தமாக நின்றார்கள் என்பதற்கு நேர்ச்சாட்சி. தாய்மாமன் யார், சம்பந்தி எந்த ஊர், தொடர்பு அறுந்துபோன கிளை எது என்பதை வேறெந்த அரசுப் பதிவேடும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரிக் கணக்கும் அப்படித்தான். அது பங்காளிகளின் பட்டியல்.

பெரியவர்கள் சொல்வது கதை, காகிதத்தில் இருப்பதே உண்மை என்பதும் ஒரு நம்பிக்கை. அதைப் பாதிதான் ஏற்கலாம். ஆண்டுக் கணக்கில் நினைவு தவறும்; உறவுமுறையில் அவ்வளவு எளிதில் தவறாது. பங்காளியா, மாமன் மச்சானா என்பதில் பிசகினால் திருமண முறையே கெட்டுவிடும் என்பதால், அதைத் தலைமுறைகள் கவனமாகக் கடத்தின. காகிதமும் பொய் சொல்லும். பள்ளியில் சேர்க்க ஐந்து வயது நிறைய வேண்டும் என்பதற்காக ஆசிரியர் தானே ஒரு தேதியைப் போட்டுக்கொண்ட வழக்கம் ஊரறிந்தது. அந்தத் தேதியை அப்படியே பிறந்த நாளாக எழுதிக்கொள்வது பிழை. வாய்மொழியைக் கொண்டு காகிதத்தையும் காகிதத்தைக் கொண்டு வாய்மொழியையும் சோதிக்க வேண்டும். பாட்டி "தாது வருஷத்துல பொறந்தவர்" என்றால் அது 1876ஆ 1936ஆ என்பதை மற்றப் பிள்ளைகளின் வயதைக் கொண்டு முடிவு செய்யலாம். ஓலையிலோ நோட்டிலோ ஜாதகம் இருந்தால் இன்னும் நல்லது: சனி ஒரு சுற்று வர ஏறக்குறைய 30 ஆண்டு, குரு 12 ஆண்டு, ராகு 18 ஆண்டு என்பதால், கட்டத்தில் அவை மூன்றும் இருக்கும் இடம் பிறந்த ஆண்டைக் காட்டிக்கொடுத்துவிடும். சோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவரும் இந்தக் கணக்கைப் பயன்படுத்தலாம். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கும் வீடுகளில் தந்தை வழியில் மூன்று தலைமுறைப் பெயர்களும், அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி பெயர்களும் இன்றும் வாயில் இருக்கின்றன.

ஒரு சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடாதா என்று மரபணுவை நம்புகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஏழு தலைமுறை பின்னே போனால் 128 முன்னோர். ஒவ்வொருவரிடமிருந்தும் நமக்கு வந்தது சராசரியாக ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அதிலும் அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகளை மணந்த நம் வழக்கத்தில் ஒரே முன்னோர் பல வழிகளில் திரும்பத் திரும்ப வருவார். அதனால் தூரத்துச் சொந்தத்தை நெருங்கிய சொந்தமாகச் சோதனை காட்டிவிடக்கூடும். தத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கு அது ஒன்றே வழியாக இருக்கலாம். அவர்கள் செலவிடுவது நியாயம். மற்றவர்களுக்கு அது கடைசிப் படி. எந்தச் சோதனையும் கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொல்லாது.

வெளிநாட்டு ஆவணங்கள் உண்மையிலேயே உதவும் குடும்பங்களும் இருக்கின்றன. சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' கப்பல் 1860 நவம்பரில் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் போனார்கள். அவர்களின் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் வரை குறித்திருக்கிறார்கள். மொரிசியசில் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் இத்தகைய பதிவுகளைக் காத்துவருகிறது. கங்காணி வழியாக இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்களுக்கு ஆளுக்கொரு பதிவு இப்படிக் கிடைப்பது கடினம். அவர்களுக்குக் கடிதங்களும் பழைய பாஸ்போர்ட்டும் தோட்டத்துக் காகிதங்களுமே துணை.

பதிவேடுகள் அடுத்த ஆண்டும் அலுவலகத்தில் இருக்கும். எண்பது வயது அத்தை இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே முதல் செலவு ஒரு பேருந்துக் கட்டணமாக இருக்கட்டும். தந்தை வழியோடு நிறுத்தாமல் பாட்டிகளின் பிறந்த ஊரையும் அவர்களின் அம்மா பெயரையும் கேளுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். வீட்டில் மொய் நோட்டு இருந்தால், பரணைச் சுத்தம் செய்கிறவர் கைக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்துவிடுங்கள்.