ஷேர் ஃபோல்டர் அடிக்கடி மக்கர் பண்ணுகிறதா?

ஹாலில் இருக்கும் கணினியில் ஷேர் செய்த ஃபோல்டர், லேப்டாப்பில் காலையில் திறக்கிறது. மதியம் திறக்க மறுக்கிறது. விட்டு விட்டு வரும் இந்தக் கோளாறுக்காக ஒரே மூச்சில் நாலு செட்டிங்கை மாற்றிவிடாதீர்கள். எதனால் சரியானது என்றே தெரியாமல் போகும். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. எர்ரர் வரும் நேரத்தைக் குறித்து வையுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். யாரும் தொடாமல் கொஞ்ச நேரம் இருந்த பிறகு வந்தால், ஃபோல்டர் உள்ள கணினி ஸ்லீப்புக்குப் போயிருக்கும். கரண்ட் போய் வந்த பிறகு என்றால் ஐபி முகவரி மாறியிருக்கலாம். வேலைக்கு நடுவே, நேரம் காலம் இல்லாமல் வந்தால் கேபிளையோ வைஃபையையோ சந்தேகப்படுங்கள்.

2. சந்தேகத்தைத் தீர்க்க, கமாண்ட் பிராம்ப்ட்டில் இரண்டு கணினியிலிருந்தும் ரவுட்டரின் முகவரிக்கு பிங் கொடுத்து ஓடவிடுங்கள். பதில் வரிகளுக்கு இடையில் 'டைம்டு அவுட்' என்று எட்டிப்பார்க்கிறதா? கோளாறு விண்டோஸில் இல்லை, வழியில் இருக்கிறது. லேன் கேபிளின் முனையில் உள்ள சின்ன பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருந்தால், வெளிப்பார்வைக்குச் செருகியதுபோலத்தான் தெரியும். லேசாக ஆடினாலும் இணைப்பு விடும். முதலில் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள்.

3. ஃபோல்டர் உள்ள கணினியில் ஸ்லீப்பை 'நெவர்' என்று வையுங்கள். திரை மட்டும் அணைந்தால் பாதகமில்லை. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து, மின்சாரம் மிச்சப்படுத்த அதை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

4. ஃபோல்டரை கணினியின் பெயரால் ஒரு முறை, ஐபி முகவரியால் ஒரு முறை திறந்து பாருங்கள். முகவரியில் திறந்து பெயரில் திறக்காவிட்டால், பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். ரவுட்டரில் அந்தக் கணினிக்கு ஒரே முகவரியை ரிசர்வ் செய்து, அதையே பயன்படுத்துங்கள்.

5. நெட்வொர்க் புரொஃபைல் 'பப்ளிக்' என்றிருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். ரவுட்டர் மாற்றிய வீடுகளில் இதை அவசியம் பார்க்க வேண்டும். லேப்டாப் 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தாலும் ஃபோல்டர் கிடைக்காமல் போகலாம்.

6. பாஸ்வேர்டு கேட்டால் பின் நம்பர் செல்லாது. அந்தக் கணக்கின் முழு பாஸ்வேர்டு வேண்டும். அண்மையில் அதை மாற்றியிருந்தால், கிரெடென்ஷியல் மேனேஜரில் உள்ள பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாகக் கொடுங்கள்.

7. ஃபோல்டரை நெட்வொர்க் டிரைவாக மேப் செய்திருந்து, அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்து, கிளிக் செய்ததும் திறந்துகொண்டால் பயப்பட வேண்டாம். 15 நிமிடம் சும்மா இருக்கும் இணைப்பை விண்டோஸே துண்டிக்கும், தொட்டதும் மீண்டும் சேர்த்துக்கொள்ளும்.

8. சின்ன அலுவலகமா? சாதாரண விண்டோஸ் ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் ஏற்காது.

9. பழைய நெட்வொர்க் ஹார்டு டிஸ்க் பெட்டி அப்டேட்டுக்குப் பிறகு திறக்கவில்லை என்றால், 'எஸ்எம்பி 1' என்ற பழைய ஃபைல் ஷேரிங் முறையை ஆன் செய்யச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான். பெட்டியின் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். அதற்கு வழியில்லை என்றால் ஃபைல்களை நகல் எடுத்துக்கொண்டு பெட்டியை மாற்றிவிடுங்கள்.