கடத்தியவனை முதலிலேயே காட்டலாமா?

கேள்வி: மேரி ஹிக்கின்ஸ் கிளார்க் எழுதிய ‘வேர் ஆர் தி சில்ட்ரன்?’ நாவலைப் பாதி படித்திருக்கிறேன். குழந்தைகளைக் கடத்துகிறவன் முன்னுரையிலேயே வந்துவிடுகிறான். தாய் மேல் தப்பில்லை என்பதும் தெரிந்துவிடுகிறது. பிறகு சஸ்பென்ஸுக்கு என்ன மிச்சம்? நானும் ஒரு த்ரில்லர் எழுதுவதால் கேட்கிறேன். இதன் படத்தைப் பார்த்தால் போதாதா?

பதில்: அவன் இருக்கிறான் என்பதைத்தான் சொல்லியிருக்கிறார், அவன் யார் என்று இன்னும் சொல்லவில்லை. நீங்கள் பாதியில் இருப்பதால் அதற்கு மேல் நான் வாய் திறக்கமாட்டேன்.

ஆனால் அந்த நாவல் ஓடுவது அந்த ரகசியத்தை நம்பி அல்ல. தாயான நான்சி ஏற்கெனவே ஒருமுறை கலிபோர்னியாவில் தன் இரண்டு குழந்தைகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவள். வழக்கு விசாரணையில் நடந்த குளறுபடியால் தீர்ப்பு ரத்தானது. முக்கிய சாட்சி காணாமல் போனதால் மறுவிசாரணையும் நடக்கவில்லை. குற்றமற்றவள் என்று யாரும் அவளை விடுவிக்கவில்லை. கூந்தலுக்குச் சாயம் பூசி, நாட்டின் மறுகோடியில் கேப் காட் கடற்கரைக்கு வந்து, மறுமணம் செய்து மறுபடி இரண்டு பிள்ளைகள் பெறுகிறாள். அவள் பிறந்தநாளன்று உள்ளூர்ப் பத்திரிகையில் பழைய வழக்கு படத்தோடு வருகிறது. அதே காலையில் முற்றத்தில் விளையாடிய மைக்கேலையும் மிஸ்ஸியையும் காணவில்லை. இப்போது போலீஸ் யாரைச் சந்தேகிக்கும்? அவள் செய்யவில்லை என்று நமக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. பக்கத்தைப் புரட்டவைப்பது அந்த ஆற்றாமைதான். அவளையும் சந்தேகிக்கும்படி கிளார்க் எழுதியிருந்தால், நாமும் அந்த ஊர்க்காரர்களில் ஒருவராகத்தான் நின்றிருப்போம்.

இன்னொன்று, இடம். குழந்தைகள் தூர தேசத்தில் இல்லை. நான்சியின் வீட்டைத் தொலைநோக்கியால் பார்க்கக்கூடிய பழைய மாளிகையில் இருக்கிறார்கள். அந்த வீட்டை விலைக்குக் கேட்டு ஒருவர் பார்க்க வருகிறார். குளியலறையில் ஒரு குழந்தைப் பொம்மை அவர் கண்ணில் படுகிறது. பட்டும் அவர் திரும்பிப் போய்விடுகிறார். கடத்தியவனை மறைத்து வைத்திருந்தால் இந்தக் காட்சியை எழுதவே முடியாது. உங்கள் கையெழுத்துப் பிரதியில் இப்படி ஒரு காட்சி இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது ஒருவர் விஷயத்துக்கு ஓரடி தூரத்தில் வந்து திரும்பிப் போகவேண்டும்; வாசகர் மட்டும் பதற வேண்டும். கதை மொத்தமும் ஒரே நாளில், புயலும் ஆலங்கட்டியுமான வானிலையில் நடப்பதால் அந்தப் பதற்றம் ஆறிப்போக நேரமும் கிடைப்பதில்லை.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். நான்சிக்கு ஊசி போட்டு மறந்துபோன நினைவுகளை வரவழைக்கும் மனநல மருத்துவர் எனக்கு உறுத்துகிறார். கதாசிரியருக்கு வேண்டிய தகவல் வேண்டிய நேரத்தில் கிடைக்க அது ஒரு குறுக்குவழி. 1975-ல் வந்த புத்தகம் என்று பொறுத்துக்கொள்ளலாம், நீங்கள் பின்பற்ற வேண்டாம்.

கிளார்க்குக்குக் கரு கிடைத்தது ஒரு நிஜ வழக்கிலிருந்து. 1965-ல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் இரண்டு குழந்தைகள் காணாமல் போய், இறந்து கிடந்தார்கள். சந்தேகம் தாயின் மேல் விழுந்தது. பத்திரிகைகள் அவளுடைய உடையையும் ஆண் நண்பர்களையும் பற்றி எழுதித் தள்ளின. கிளார்க் அந்த வழக்கை அப்படியே எழுதவில்லை. அப்படி ஒரு தாய் நிஜமாகவே நிரபராதியாக இருந்து, அதே கொடுமை இரண்டாம் தடவையும் நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். அப்போது அவர் கணவரை இழந்தவர், ஐந்து பிள்ளைகளின் தாய். வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதியவர். முதல் நாவல், ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றியது, விலைபோகவில்லை. இதுதான் அவரைத் தூக்கிவிட்டது.

படம் 1986-ல் ஜில் கிளேபர்க் நடித்து வந்தது. அவன் யார் என்பதை அது போட்டு உடைத்துவிடும், புத்தகத்தை முடித்த பிறகு பாருங்கள்.