மோட்டார் கொட்டாய்ப் பெட்டிக்கு நினைவகக் கணக்கு

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கிணற்று மோட்டாரைக் கைப்பேசியிலேயே போட்டு நிறுத்துகிற விவசாயிகள் உண்டு. ஒரு ஃபேஸ் போனாலோ கிணற்றில் தண்ணீர் வற்றினாலோ, கொட்டாயில் மாட்டியிருக்கும் பெட்டி அந்தக் கணமே மோட்டாரை நிறுத்தியாக வேண்டும். தாமதித்தால் காயில் கருகிவிடும். நினைவகம் தீர்ந்து பெட்டி உறைந்தால் அது நிறுத்தாது. அந்தப் பெட்டிக்கு நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு இது.

செய்ய வேண்டியவை

• வேண்டிய நினைவகம் முழுவதையும் பெட்டி உயிர்பெறும்போதே ஒதுக்கிவிடுங்கள். ஓட ஆரம்பித்தபின் ஒரு பைட்கூடப் புதிதாகக் கேட்கவேண்டாம். நாசாவின் ஜேபிஎல் கூடத்தில் ஜெரார்டு ஹோல்ஸ்மன் 2006-ல் வகுத்த பத்து விதிகளில் இதுவும் ஒன்று.

• குறுஞ்செய்திக்கு ஒரே அளவு அறைகளை முன்கூட்டியே கட்டி வையுங்கள். ஆங்கிலச் செய்தி 160 எழுத்து. தமிழில் 70 குறிகள்தான். ஆனால் மோடம் அதைப் பதினாறடிமான எண்களாகக் கொட்டும்போது 280 ஆக நீளும். விவசாயி தமிழில் எழுதுவார் என்று எண்ணாமல் 160-க்கு மட்டும் இடம் விட்ட பெட்டிகளை நான் பழுது பார்த்திருக்கிறேன்.

• சில்லு பெரிதாயிருந்து, கேட்கும் இடத்தின் அளவு மாறியே தீரும் என்றால் மட்டும் டிஎல்எஸ்எஃப் என்ற நினைவக ஒதுக்கீட்டு முறையைப் பாருங்கள். வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தார் 2004-ல் தந்தது. இடம் எடுக்கவும் விடவும் ஆகும் நேரத்துக்கு அதில் வரம்பு உண்டு.

செய்யக்கூடாதவை

• ஆர்டுயினோ ஊனோ ஆர்3-ல் ஸ்ட்ரிங்கை ஒட்டி ஒட்டி நீட்டாதீர்கள். இருப்பதே 2048 பைட். நினைவகம் பாகம் பிரித்த நிலம்போல ஆகிவிடும்: பட்டாவைக் கூட்டினால் ஒரு ஏக்கர் வரும், அங்கே பத்து சென்ட், இங்கே பதினைந்து சென்ட் என்று கிடப்பதால் டிராக்டர் திருப்ப இடமிருக்காது. மேசையில் ஒருநாள் நன்றாக ஓடிய நிரல் வயலில் மூன்றாம் வாரம் நின்றுபோவது இதனால்தான்.

• குறுக்கீட்டு நிரலுக்குள் நினைவகம் கேட்காதீர்கள்.

• பெட்டி உறைந்தால் வாட்ச்டாக் எழுப்பிவிடும் என்று இருக்காதீர்கள். எழுந்தாலும், காரணம் அப்படியே இருந்தால் மறுபடி விழும். 2004 ஜனவரியில் செவ்வாயில் ஸ்பிரிட் ஊர்தி, ஃபிளாஷில் குவிந்த கோப்புகளின் பட்டியலை ஏற்ற நினைவகம் போதாமல், விழுவதும் எழுவதுமாகத் தவித்தது. ஃபிளாஷைத் தொடாமல் எழும்படி பூமியிலிருந்து கட்டளை அனுப்பி மீட்டார்கள். நம் பெட்டி நின்றால், ராத்திரியில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடக்கப்போவது அந்த விவசாயிதான்.